ஆசை வந்தாலே பாவமா?

கேள்வி: எனக்கு 34 வயது. மனைவியோடும் மூன்று வயது மகளோடும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். நான் கத்தோலிக்கன், மனைவி அங்கிலிக்கன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் வேலை. ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வேலை பழக்கியது நான்தான். அவருடைய வீடு வத்தளையில். இரண்டு மாதமாகப் பின்னேரங்களில் என் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன். வீட்டில் டிராஃபிக் என்று சொல்லிவிடுவேன். இரவில் வட்ஸ்அப்பில் கதைப்போம், பிறகு அழித்துவிடுவேன். தவறாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் மனம் முழுக்க அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறேன். ஒறுத்தலாக மனைவியை விட்டும் ஒதுங்கிப் படுக்கிறேன். மூன்று தேவாலயங்களில் பாவசங்கீர்த்தனம் செய்து 'கெட்ட நினைவு' என்று சொன்னேன். ஒரு குருவானவர், ஆசை தானாக எழுவது பாவமில்லை என்றார். மனைவியின் சபையில் வேதபாடம் நடத்துபவர் இச்சையே பாவம் என்கிறார். ஜெபக்குழுவில் ஒருவர், இது இச்சையின் ஆவி, விடுதலை ஜெபம் செய்ய வேண்டும் என்றார். கிறிஸ்தவன் ஆசையே இல்லாமல் வாழ வேண்டுமா? நான் நற்கருணை வாங்கலாமா? மனைவியிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டவற்றுக்கு எல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. கொள்ளுப்பிட்டியிலிருந்து வரும்போது கொட்டாஞ்சேனை முதலில் வருகிறது. வத்தளை களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அப்படியானால் ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் வீட்டைத் தாண்டி, பாலம் கடந்து போய், அதே பாலத்தால் திரும்பி வருகிறீர்கள். போகிற வழியில் ஒருவரை இறக்கிவிடுகிற உதவி இல்லை இது. மூன்று குருக்களிடம் மூன்று தடவை 'கெட்ட நினைவு' என்று சொன்ன நீங்கள், இந்தப் பாலத்தைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி ஆசைக்கு வருவோம். தமிழில் பிறந்து வளர்ந்த நமக்கு 'ஆசை' என்ற சொல்லே ஒரு குற்றச்சாட்டைப் போலக் கேட்கும். திருக்குறளில் 37ஆம் அதிகாரமே அவாவறுத்தல். கொழும்பில் நம்மோடு வேலை செய்கிற பௌத்த நண்பர்கள், வேட்கையே துக்கத்தின் காரணம் என்ற போதனையோடு வளர்ந்தவர்கள். இவை ஆழமான வழிகள், மதிப்போடு கேட்க வேண்டியவை. ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் கேட்பது வேறு. நம்மில் பலர் வேதாகமத்தைத் திறக்கும்போதே, ஆசையை வேரோடு பிடுங்கு என்றுதான் அதில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு திறக்கிறோம்.

மொழிபெயர்ப்பும் இதற்கு ஒரு காரணம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'எபித்துமியா' என்று ஒரு சொல் உண்டு. பலமான விருப்பம் என்பது அதன் பொருள். தீயதை நாடும் இடங்களில் தமிழ் வேதாகமம் அதை 'இச்சை' என்கிறது. ஆனால் லூக்கா 22:15இல், பாடுபடுவதற்கு முன் சீடரோடு பாஸ்கா உண்ண மிகவும் ஆசையாயிருந்தேன் என்று இயேசு சொல்லும்போது, அங்கேயும் அதே சொல்தான், அதுவும் இரட்டித்து வருகிறது. பத்துக் கட்டளைகளில் 'இச்சியாதிருப்பாயாக' என்பதற்கு உள்ள எபிரேயச் சொல்லின் வேர்தான், கர்த்தருடைய கட்டளைகள் பொன்னைவிட விரும்பத்தக்கவை என்று 19ஆம் சங்கீதம் பாடும் இடத்திலும் இருக்கிறது. விரும்பும் ஆற்றல் ஒன்றே. எதை, யாருக்கு உரியதை, எவ்வளவுக்கு, எந்த விலை கொடுத்து விரும்புகிறோம் என்பதில்தான் பாவமும் புண்ணியமும் பிரிகின்றன. கி.பி. 430இல் இறந்த ஹிப்போ ஆயர் அகுஸ்தீனார் புண்ணியத்தை அன்பின் ஒழுங்கு என்று விளக்கினார். எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்ற ஒழுங்கு அது.

குருவானவரும் வேதபாடக்காரரும் முரண்படுவது உங்களைக் குழப்பியிருக்கிறது. இருவரும் தங்கள் சபை மரபுக்கு உண்மையாகவே பேசியிருக்கிறார்கள். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், திருமுழுக்குப் பெற்றவரிடம் எஞ்சியிருக்கும் இச்சை உண்மையான பொருளில் பாவம் அல்ல என்றது. அது பாவத்திலிருந்து வருகிறது, பாவத்தை நோக்கிச் சாய்கிறது, ஆனால் இணங்காமல் கிறிஸ்துவின் அருளால் எதிர்த்து நிற்பவருக்குத் தீங்கு செய்யாது என்று வகுத்தது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளில் 9ஆவது, இச்சை தன்னளவிலேயே பாவத்தின் தன்மை கொண்டது என்கிறது. ஆனால் அதே விதி, விசுவசித்துத் திருமுழுக்குப் பெற்றோருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. வேதபாடத்தில் இந்த இரண்டாம் பாதி விடுபட்டிருக்கலாம். பெயர் வைப்பதில் இரு சபைகளுக்கும் வேறுபாடு இருக்கிறது. போராடுகிறவனைத் தள்ளிவிடக் கூடாது, இணங்குகிறவன் மனந்திரும்ப வேண்டும் என்பதில் இல்லை. உங்களுக்குத் தேவையானது அந்த இரண்டாவது விஷயம்.

அந்த இணக்கம் எங்கே தொடங்குகிறது? 'ஒரு பெண்ணை இச்சையோடு பார்க்கிற எவனும்' என்ற மத்தேயு 5:28ஐ, ஒருவர் அழகாகத் தெரிந்தாலே விபசாரம் என்று பலர் வாசிக்கிறார்கள். கிரேக்கத்தில் அங்கே உள்ள தொடர் நோக்கத்தைக் காட்டுவது. இச்சிப்பதற்கென்றே பார்ப்பவன், பார்த்துக்கொண்டே இருப்பவன் என்று அதைப் படிக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வசனம் பொறுப்பு முழுவதையும் பார்க்கிறவன் மேல் வைக்கிறது, பார்க்கப்படுகிறவள் மேல் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் உங்களுக்கு வந்த சோதனையாக மட்டுமே தெரிகிறார். அவர் வேலைக்குப் புதிது, நீங்கள் அவருக்கு வேலை பழக்கியவர். அவருடைய வேலை எப்படி என்று மேலிடத்தில் கேட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். காரில் வருகிறீர்களா என்று நீங்கள் கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது? அவர் மனதில் என்ன இருக்கிறதென்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பிறருக்கு உரியதை இச்சிக்காதே என்ற கட்டளை அவருடைய நிம்மதியையும் நற்பெயரையும் சேர்த்துத்தான் காக்கிறது.

யாக்கோபு 1:14, 15 இந்த நகர்வைப் படிப்படியாகக் காட்டுகிறது: இழுக்கப்படுதல், சிக்குதல், கருக்கொள்ளுதல், பிறப்பித்தல். 'சிக்குண்டு' என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் தூண்டிலில் இரை வைப்பதற்கு உரியது. முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, இரை கண்ணில் படுவதும் முள் தொண்டையில் ஏறுவதும் ஒன்றல்ல. உங்கள் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் அவரோடு கதைப்பது இனிமையாக இருந்தது. அது இழுப்பு, அதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. நாலரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தால், அப்போதே இரையைச் சுற்றத் தொடங்கிவிட்டீர்கள். கார் கதவைத் திறந்துவிட்டு, வீட்டைத் தாண்டி வண்டியை விட்ட முதல் நாள் இணங்கிவிட்டீர்கள். 'டிராஃபிக்' என்று மனைவியிடம் சொன்னது பிறந்த பிள்ளை. வட்ஸ்அப்பை அழிக்கிறீர்கள் அல்லவா, அதற்கு மேல் யாரும் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எது சரி என்று உங்கள் மனச்சாட்சி சொல்லிவிட்டது.

ஆகவே 'தவறாக ஒன்றும் நடக்கவில்லை' என்ற வரியை நீங்கள் விட்டுவிட வேண்டும். அதேபோல 'மனம் முழுக்க அழுக்கு' என்ற எண்ணத்தையும். முதலாவது உண்மையில்லை, இரண்டாவது உதவாது.

உங்கள் முயற்சிகள் ஏன் பலன் தரவில்லை என்று பார்ப்போம். நினைக்கவே மாட்டேன் என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கியவர்கள், தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஜெபத்திலும் இதுவே நடக்கும். 'ஆண்டவரே, அவளுடைய சிரிப்பை மறக்கச் செய்யும்' என்று அரை மணித்தியாலம் ஜெபித்தால், அரை மணித்தியாலமும் அந்தச் சிரிப்பைத்தான் நினைத்திருக்கிறீர்கள். ஒரு வரி போதும்: 'ஆண்டவரே, இது வந்திருக்கிறது, உம் கையில் தருகிறேன்.' பிறகு எழும்பி, கையால் செய்கிற வேலை ஒன்றைத் தொடங்குங்கள். மகளைக் குளிப்பாட்டலாம், பாத்திரம் கழுவலாம். தீனி போடாவிட்டால் ஆசையின் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அது தணியும் என்று தெரிந்திருப்பதே பாதி பலம்.

வெள்ளிக்கிழமை உபவாசம். கத்தோலிக்கத் திருச்சபை கட்டாய உபவாசம் கேட்பது வருடத்தில் இரண்டே நாள், விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரை. ஒரு முழு உணவும், சேர்த்தாலும் இன்னொரு முழு உணவாகாத இரண்டு சிறு உணவும் அனுமதி. நீங்கள் ஒன்றுமே சாப்பிடாமல் வேலை செய்து, பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கிற பின்னேரம் ஐந்து மணிக்கு அதே காரில் ஏறுகிறீர்கள். மன உறுதி மிகவும் தளர்ந்திருக்கிற நேரம் அது. சாப்பாட்டை விடாதீர்கள், காரை விடுங்கள். உங்களுக்கு வலிக்கிற உபவாசம் அதுதான். பட்டினி கிடப்பது உங்களுக்கு இப்போது சுலபமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மனைவியை விட்டு ஒதுங்கியது இவை எல்லாவற்றிலும் பெரிய பிழை. பவுல் 1 கொரிந்தியர் 7:5இல் இதை நேரடியாகவே தடுக்கிறார். ஜெபத்துக்காகத் தம்பதிகள் பிரிந்திருக்கலாம், ஆனால் இருவரும் சம்மதித்து, சில காலத்துக்கு மட்டும், பிறகு மறுபடி கூடிவாழ வேண்டும், இல்லாவிட்டால் சாத்தான் சோதிப்பான் என்கிறார். நீங்கள் மனைவியைக் கேட்கவில்லை, காலம் குறிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவருக்கு இது ஒறுத்தலாகத் தெரியாது, வெறுப்பாகத்தான் தெரியும். உங்களுடைய பாவத்துக்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார்.

விடுதலை ஜெபம் வேண்டாம். இரண்டு மாதமாகத் தினமும் ஒரு மணித்தியாலம் தனிமையில் கதைக்கிற இருவருக்கு நெருக்கம் வருவதற்குப் பேய் தேவையில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி பேயோட்டும் சடங்கை, ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம். ஜெபக்குழுவில் இதை மேலும் பேசவும் வேண்டாம். கொட்டாஞ்சேனை சிறிய ஊர். உங்கள் மனைவியின் காதுக்கு இது உங்கள் வாயால்தான் போக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. திங்கட்கிழமை பகலில், கந்தோரில், மற்றவர்கள் இருக்கிற இடத்தில் அவரிடம் சொல்லுங்கள்: 'இனி நான் நேரே வீட்டுக்குப் போக வேண்டும், கூட்டிக்கொண்டு போக முடியாது.' இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. இரவில் மெசேஜாக அனுப்ப வேண்டாம், மூன்று பந்தியில் விளக்கவும் வேண்டாம். இந்த இடத்தில் அநேகர் சறுக்குவது எப்படியென்றால், 'எனக்கு உங்கள்மேல் ஒரு இது வந்துவிட்டது, அதனால்தான் விலகுகிறேன்' என்று சொல்லிவிடுவார்கள். கேட்கிறவருக்கு அது விலகலாக விழாது, காதலைச் சொன்னதாகத்தான் விழும். மறுநாளிலிருந்து இருவருக்கும் ஒரு ரகசியம் கிடைத்துவிடும். அவர் காரணம் கேட்டால், 'வீட்டில் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது' என்பதோடு நிறுத்துங்கள். அவர் ஜனவரி தொட்டு உங்கள் காருக்கு முன்பும் வேலைக்கு வந்து போனவர்தான். புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்பு வீதியால் போகிற பஸ்கள் நிறைய உண்டு. மழை பெய்தாலும் உங்கள் பதில் மாறக் கூடாது. முதல் மழை நாள்தான் உண்மையான பரீட்சை.

வேலை பழக்குவதையும் வேறொருவரிடம் மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். வேலைப்பளு என்று சொன்னால் போதும், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள். உங்கள் விலகலால் அவருக்கு வேலையில் நட்டம் வரக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கூடாது. வேலை விஷயம் கந்தோர் குழுவில், வேலை நேரத்தில். இரவு எட்டு மணிக்குப் பிறகு போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் கிடக்கட்டும், படுக்கை அறைக்குள் வேண்டாம். எழும்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்குங்கள்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த தனிச் சோதனை முறையை, அதாவது ஒரே ஒரு குறையை எடுத்துத் தன்னைத் தானே பரிசோதிக்கும் முறையை, நாலு வாரம் செய்து பாருங்கள். ஒரு சின்னக் கொப்பியில் நாளுக்கு இரண்டு கோடு, ஒன்று மதியம் வரை, மற்றது இரவு வரை. காலையில் எழும்பியதும் எதைத் தவிர்க்கப் போகிறேன் என்று உறுதி செய்ய வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. மதியத்தை இரவோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: நினைவுகளுக்குப் புள்ளி போடாதீர்கள். செய்ததற்கு மட்டும் போடுங்கள். அவசியமில்லாமல் அவருடைய மேசைக்குப் போனது, எட்டு மணிக்குப் பின் எழுதியது, அழித்தது, மனைவியிடம் பொய் சொன்னது. மூன்று தேவாலயங்களுக்கு ஓடியதைப் பார்த்தால், உங்கள் மனச்சாட்சி நினைவுகளை எண்ணத் தொடங்கினால் நிறுத்தாது. ஒரு நாள் மூன்று புள்ளி விழுந்தால் நாலாவதற்கு அது அனுமதிச் சீட்டில்லை. 'எல்லாம் போச்சு' என்ற எண்ணம்தான் சின்ன வீழ்ச்சியைப் பெரியதாக்குகிறது.

நற்கருணை பற்றி. சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவையே அறுக்கும் பாவம் என்று சொல்ல, திருச்சபை மூன்றும் சேர்ந்து கேட்கிறது: கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம். தானாக எழுகிற நினைவில் மூன்றாவது இல்லை, அதற்காக நற்கருணையை விட வேண்டாம். ஆனால் பாலத்துக்கும் பொய்க்கும் உங்கள் சம்மதம் இருந்திருக்கிறது. அதன் கனத்தை நான் இங்கிருந்து நிறுக்க முடியாது, அது ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், உங்கள் குருவானவரோடு பேச வேண்டியது. கார் நின்றதும், அந்த வார ஞாயிறுக்கு முன்பே போங்கள். ஒரே ஒருவரிடம் போங்கள், இனியும் அவரிடமே போங்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'நான் திருமணமானவன். வேலை பழக்க என்னிடம் விடப்பட்ட பெண்ணோடு இரண்டு மாதமாக நெருக்கம் வளர்த்தேன். மனைவியிடம் பொய் சொன்னேன், மெசேஜ்களை அழித்தேன், மனைவியை விட்டு ஒதுங்கினேன்.' மூன்றே வாக்கியம். 'கெட்ட நினைவு' என்ற மூடிய பெட்டியைக் கொடுத்தால், எந்தக் குருவானவரும் அதற்குள் இருப்பதற்கு மருந்து சொல்ல முடியாது.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சொல்லுங்கள். மனதில் வந்துபோகிற ஒவ்வொரு ஈர்ப்பையும் துணையிடம் ஒப்பிப்பது அவசியமில்லை, சில வேளை அது கொடுமை. ஆனால் இங்கே பொய் சொல்லப்பட்டது அவரிடம். மறைவாக இருக்க விரும்பும் கள்ளக் காதலனைப் போலத் தீயவன் நடக்கிறான், வெளியே சொன்னதும் அவன் திட்டம் கெடுகிறது என்று இஞ்ஞாசியார் எழுதியதும் இதற்குப் பொருந்தும். வரிசை முக்கியம். முதலில் கார் நிற்க வேண்டும், பிறகு ஒப்புரவு, பிறகு மனைவி. நிறுத்தாமல் சொன்னால் அவர் உங்களைக் கண்காணிக்கிற பொலிஸ்காரி ஆகிவிடுவார். மகளை அவளுடைய பாட்டியிடம் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில், இருவரும் களைப்பில்லாமல் இருக்கும்போது சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: யார், எவ்வளவு காலம், எங்கே வரை, எப்போது நிறுத்தினீர்கள். அந்தப் பெண்ணின் குணங்களை வர்ணிக்க வேண்டாம். 'நீ என்னோடு கதைப்பதில்லை, அதனால்தான்' என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது. அவர் அழலாம், கோபப்படலாம், பல நாள் பேசாமல் இருக்கலாம். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள், கர்த்தர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் என்று வசனம் காட்டவும் வேண்டாம். போனைப் பார்க்கக் கேட்டால் கொடுங்கள். இருவருக்கும் தனியாகத் தாங்க முடியவில்லை என்றால் குடும்ப உளவளத்துணையாளர் ஒருவரிடம் போகலாம். தூக்கமின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அன்றே அழையுங்கள்.

கடைசியாக, அந்த ஆசைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய தோற்றம் பற்றி ஒரு சொல் இல்லை, 'கதைப்போம்' என்றுதான் இருக்கிறது. ஒருவர் நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற பசி அது. அந்தப் பசி நல்லது, கடவுள் தந்தது. மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் பேச்செல்லாம் பால்மா, முன்பள்ளி, கார் லீசிங் என்று சுருங்கிவிடும். உங்கள் மனைவிக்கும் அதே பசி இருக்கும், அவர் யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒரு சொல் பேசத் தயாராகும்போது, வாரம் இரண்டு நாள், மகள் தூங்கிய பின் இருபது நிமிடம் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளை, காசு, உறவினர் மூன்றும் அந்த இருபது நிமிடத்துக்குள் வரக் கூடாது. முதல் இரண்டு வாரம் பேச ஒன்றும் இருக்காது, பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து போய்விடாதீர்கள்.

நாலு வாரம் முடிந்ததும் அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். மழை பெய்த நாட்களில் எத்தனை புள்ளி என்று தனியாக எண்ணி எழுதுங்கள்.